சின்ன ராணிக்கு வந்த மூன்று ஊர்ச் சீர்

1794: பெரிய அரண்மனை கட்டி முடித்தது. 9,200 வராகன்.
1871: கண்ணாடி மாளிகை. ரூ. 31,500.
1909: குளக்கரையில் வசந்த மாளிகை. ரூ. 14,000.
1934: கடைசி யானை விற்றது. ரூ. 850.
1951: ஜமீன் ஒழிப்பு நஷ்ட ஈடு, முதல் தவணை. ரூ. 3,216.
1967: தர்பார் மண்டபத்துத் தேக்குக் கதவுகள் விற்றது, நான்கு ஜோடி. ரூ. 2,750.
1988: கண்ணாடி மாளிகை இடித்த செங்கல், உத்தரம், ஓடு விற்றது. ரூ. 18,000.
2004 ஜூன்: காவல் வேலைக்கு புஷ்பவள்ளி. மாதம் ரூ. 700.

பூவரசநத்தம் அரண்மனையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை. முதல் ஏழு வரிகளில் இருப்பவர்களைப் பற்றி வேறு யாராவது எழுதுவார்கள். நான் எழுத வந்தது கடைசி வரியில் இருப்பவரைப் பற்றி.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகும் பஸ்ஸில் ஏறி, ஆலமர ஸ்டாப்பில் இறங்கி வடக்கே நடந்தால் எங்கள் ஊர். யானைக்கட்டித் தெருவில் இப்போது யானை இல்லை, சைக்கிள் கடை இருக்கிறது. பல்லக்குத் தெருவில் டியூஷன் சென்டர். வசந்த மாளிகையில் கூட்டுறவுச் சங்கத்தார் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கண்ணாடி மாளிகை இருந்த இடத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெரிய அரண்மனையில் தர்பார் மண்டபம் கதவில்லாமல் திறந்து கிடக்கிறது. மேல்மாடி வௌவால்களுக்கு. முன்கட்டும் அதை ஒட்டிய சின்ன ராணி அறையும் மட்டும் முழுசாக நிற்கின்றன.

இதற்கெல்லாம் சொந்தக்காரர் ராஜவேல். கடைசி ஜமீன்தாரின் பேரன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க்காரர்கள் அவரை இன்னமும் சின்ன தொரை என்றுதான் சொல்வார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது ஆகிவிட்டது.

அரண்மனைக் காவலாளியாக இருந்த பக்கிரி 2004 மே மாதம் மஞ்சள் காமாலையில் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி புஷ்பவள்ளி கடலூருக்கு பஸ் ஏறிப் போய், ராஜவேல் கடை வாசலில் நின்று, "சாவி எங்கிட்டதான் இருக்குது, வேற ஆளு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். ராஜவேலுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. அன்றிலிருந்து முழ நீள இரும்புச் சாவியும், வாசலை ஒட்டிய இரண்டு அறைகளும், கூட்டிப் பெருக்கும் வேலையும் புஷ்பவள்ளிக்கு. மகள் வெண்மதி அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

பக்கிரி இருந்த வரைக்கும் அரண்மனையை யாரும் பார்க்க வரவில்லை. அவர் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். வருகிறவர்களைப் பார்த்து, "உள்ள ஒண்ணுமில்ல, தூசிதான்" என்பார். அது உண்மையும்கூட. புஷ்பவள்ளி வந்த பிறகு நிலைமை மாறியது. லால்பேட்டை ஜமாலுதீன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். சிதம்பரம் கோயில், பிச்சாவரம் படகு, ஸ்ரீமுஷ்ணம் என்று வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுவார். வழியில் எங்கள் ஊரில் டீ குடிக்க நிறுத்துவார். நிறுத்திய இடத்தில் ஒரு அரண்மனை இருக்க, பத்து நிமிடம் உள்ளேயும் போய்வரட்டும் என்று விட ஆரம்பித்தார்.

ஆண்கள் வந்தால் கத்தி எங்கே, சுரங்கப்பாதை எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்று தெரிந்ததும் டீக்கடைக்குத் திரும்பிவிடுவார்கள். பெண்கள் அப்படியில்லை. அடுப்படி எங்கே, குளிக்கிற இடம் எங்கே, எத்தனை பேருக்குச் சமைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். கடைசியில் சின்ன ராணி அறையில் வந்து நிற்பார்கள். ஊஞ்சல் கொக்கியும், தெருவைப் பார்த்த ஒரு சன்னலும், சுவரில் ஒரு மாடமும்தான் அந்த அறை. கடைசி ஜமீன்தாரின் இரண்டாம் மனைவி இருந்தது அங்கே. அவரைப் பற்றி ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் மூடு பல்லக்கில் வந்தார், சின்ன வயதிலேயே இறந்தார், அவ்வளவுதான்.

2005 தை மாதம் செய்யாற்றிலிருந்து வந்த ஒரு அம்மாள் அந்த அறையில் நின்று, "இவங்க எந்த ஊரு?" என்று கேட்டார். புஷ்பவள்ளிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீங்க எந்த ஊரும்மா?"

"செய்யாறு."

"அட! இந்த அம்மாவும் செய்யாறு பக்கந்தாங்க."

அந்த அம்மாள் சன்னல் கட்டையைத் தடவிக் கொடுத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஜமாலுதீன் மூன்று முறை ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார். போகும்போது புஷ்பவள்ளியின் கையைப் பிடித்து, "எங்க ஊட்டுப் பொண்ணு ரூமை நல்லா வெச்சிருக்கிற" என்றார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அறைக்குள் நுழையும் முன் எந்த ஊர் என்று கேட்பது, நுழைந்ததும் சின்ன ராணியை அந்த ஊரில் பிறக்க வைப்பது. எதிர் வீட்டுக்காரன் என்ற முறையில் அரண்மனைக்கு யார் வந்தார்கள் போனார்கள் என்பதைக் குறித்து வைப்பவன் நான். 2008 முடிவில் சின்ன ராணிக்கு இருபத்துமூன்று பிறந்த ஊர்கள் சேர்ந்திருந்தன. ஒரு நாள் கேட்டேன்.

"புஷ்பவள்ளி, போன வாரம் பண்ருட்டி, இன்னிக்கு அறந்தாங்கி. ஒரு பொம்பளைக்கு எத்தனை பொறந்த வூடு?"

"நீங்க ஒண்ணு மாமா. அந்தம்மா எங்கயாவது பொறந்துதான இருக்கணும்? நான் சொல்றதுல ஒண்ணு சரியாத்தான் இருக்கும்."

"அப்ப மீதி?"

"மீதிய நீங்க கழிச்சிக்குங்க. கணக்கு எழுதறது நீங்கதான?"

புஷ்பவள்ளி பிறந்தது கம்மாபுரம் பக்கம். நிலக்கரிச் சுரங்கத்துக்காக அந்த ஊர் எழுந்து வேறிடம் போனபோது அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிட்டார்கள். பொங்கலுக்கு மற்ற வீடுகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப் பானையும் சீராக வரும்போது, புஷ்பவள்ளி கடைத்தெருவில் ஒரு கரும்பு வாங்கி வந்து, "எங்கண்ணன் குடுத்தனுப்பிச்சாரு" என்பார். வெண்மதி சிரிப்பாள். அம்மாவும் சிரிப்பார்.

2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஜமாலுதீனுக்கு இரண்டு சவாரி. ஒரு வேனை அவர் ஓட்டி வந்தார், இன்னொன்றை அவர் மச்சான். முதல் வேனில் செய்யாறு மகளிர் குழுவினர். 2005-இல் வந்த அம்மாள் ஊரில் போய்ச் சொல்லிச் சொல்லி, தங்கள் ஊர்ப் பெண் ராணியாக இருந்த அரண்மனையைப் பார்க்க என்றே கிளம்பி வந்தவர்கள். தலைவி பச்சையம்மாள். இரண்டாவது வேனில் அறந்தாங்கிக்காரர்கள். அவர்களில் செல்லாயி என்பவர் முன்பே ஒரு தடவை வந்துபோனவர். இரண்டு கூட்டமும் சின்ன ராணி அறை வாசலில் நேருக்கு நேர் சந்தித்தன.

செல்லாயி தன்னுடன் வந்தவர்களிடம் சொன்னார்: "இந்தா, இதுதேன் நம்ம அறந்தாங்கிப் பொண்ணு இருந்த ரூம்பு."

பச்சையம்மாள் திரும்பினார். "இன்னாது? யாரு பொண்ணு?"

"எங்க ஊரு பொண்ணுத்தா. அந்தா சாவியோட நிக்குதே, அந்த அக்காவே சொல்லுச்சு."

"எங்ககிட்டயும் இந்தக்காதான் சொல்லுச்சு. செய்யாறு!"

இரண்டு கூட்டமும் புஷ்பவள்ளியைப் பார்த்தன. புஷ்பவள்ளி ஊஞ்சல் கொக்கியைப் பார்த்தார்.

அதற்குள் பச்சையம்மாளுக்கு வேகம் வந்துவிட்டது. "பொறந்த ஊடுன்னு வாயால சொன்னா ஆச்சா? இத்தினி வருசத்துல ஒரு கரும்பாவது சீர் கொண்டாந்தீங்களா?"

"நீங்க வண்டி கட்டிக் கொண்டாந்தீகளாக்கும்?"

"கொண்டாரோம் பாரு. வர்ற பொங்கலுக்கே கொண்டாரோம்."

"அப்ப நாங்களும் வர்றோம். யாரு தட்டு பெருசுன்னு பாத்துருவோம்."

ஜமாலுதீன் நடுவில் புகுந்தார். "ரெண்டு பார்ட்டியும் வேனுக்கு இப்பவே சொல்லிடுங்கம்மா. பொங்கல் டயத்துல டிமாண்டு ஜாஸ்தி."

இந்தச் சண்டையைத் தர்பார் மண்டபத்தில் நின்று இருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராஜவேல். மற்றவர் புதுச்சேரிக்காரர், பழைய கட்டடங்களை எடுத்து ஹோட்டலாக மாற்றுகிறவர். அரண்மனையைக் குத்தகைக்குக் காட்ட ராஜவேல் அவரை அழைத்து வந்திருந்தார். புதுச்சேரிக்காரர் மெதுவாகக் கேட்டார்: "சார், உங்க தாத்தாவுக்கு மொத்தம் எத்தனை சம்சாரம்?"

ராஜவேல் முகம் சிவந்துவிட்டது. வேன்கள் கிளம்பும் வரை பொறுத்திருந்து புஷ்பவள்ளியைக் கூப்பிட்டார்.

"எங்க பாட்டிய ஊர் ஊராப் பொறக்க வெக்கிறியா நீ? பொங்கல் வரைக்கும் டைம் தர்றேன். காணும் பொங்கலன்னிக்கு வருவேன். சாவியக் குடுத்துட்டு ரூமையும் காலி பண்ணிடணும்."

"தொரை, வெண்மதி சிதம்பரத்துல நர்ஸிங் படிக்குது. இன்னும் ஒரு வருசம்…"

"காணும் பொங்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த ஐந்து மாதம் புஷ்பவள்ளி யாரையும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. பெண்கள் கேட்டால் "தெரியாதுங்க" என்றார். வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிதம்பரத்தில் வாடகைக்கு இடம் பார்க்க இரண்டு தடவை போனார். ஒவ்வொரு இடத்துக்கும் அட்வான்ஸ் கேட்டார்கள். திரும்பி வந்து, "ஒரு ரூம்புல காத்து இல்ல, ஒரு ரூம்புல காத்து மட்டுந்தான் இருக்குது, கூரையே இல்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த நாட்களில் வாசல் கோலம் சின்னதாகிவிட்டதை நான் கவனித்தேன்.

பொங்கலன்று சாயங்காலம் ஜமாலுதீன் வந்தார்.

"அக்கா, நாளைக்கு கிரகணம்னு ஒருத்தரும் வண்டி ஏற மாட்டேங்கறாங்க. அதனால நாளான்னிக்கு வர்றாங்க. மூணு வேன்."

"யாரு?"

"செய்யாறு, அறந்தாங்கி, பண்ருட்டி. சீர் கொண்டுட்டு."

புஷ்பவள்ளி பானையை அப்படியே கீழே வைத்தார். "சண்டையில சொன்னது, வூட்டுக்குப் போனா மறந்துடுவாங்கன்னு நெனச்சனே! பண்ருட்டி எப்படிடா சேந்துச்சு?"

"நாந்தான் சொன்னேன். அவுங்களுக்கும் பொண்ணுதான, அவுங்க மட்டும் எதுக்கு வுட்டுப்போவணும்?" என்றார் ஜமாலுதீன். மூன்றாவது வேனுக்கு வாடகை வரும் என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"அன்னிக்குத்தான் தொரை சாவி வாங்க வர்றாரு."

"அப்ப அவரையும் பாத்த மாதிரி ஆச்சு" என்று சொல்லிவிட்டு, புஷ்பவள்ளி அகப்பையை எடுப்பதற்குள் ஜமாலுதீன் வெளியே போய்விட்டார்.

இருட்டிய பிறகு புஷ்பவள்ளி என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தார். "மாமா, சாவி போவறது போவட்டும். இத்தினி பொம்பளைங்க தட்டத் தூக்கிட்டு வர்றாளுங்க. அவளுங்க மொகத்தப் பாத்து உண்மையச் சொல்லிடறேன்" என்றார்.

2010 ஜனவரி 16, சனிக்கிழமை. முதலில் ராஜவேலின் கார் வந்தது. அவருடன் அவர் அத்தை முத்தம்மாளும் வந்திருந்தார். எண்பது தாண்டியவர், சின்ன ராணியின் மகள். ஹோட்டலாவதற்கு முன் பிறந்த வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்தாராம். அவரைக் கைப்பிடித்து இறக்கி முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்குள் மூன்று வேன்களும் வந்து நின்றன.

இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பச்சையம்மாள் கோஷ்டி கோரைப்பாயும் கரும்புக் கட்டும் கொண்டு வந்தது. அறந்தாங்கியினர் பித்தளைப் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, புடவையும் வளையலும் வைத்திருந்தார்கள். பண்ருட்டிப் பெண்கள் தட்டு நிறைய முந்திரி. பொங்கலுக்கு முன்னால் வர வேண்டிய சீர் பொங்கல் கழித்து வருகிறதே என்று நான் முணுமுணுத்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. குலவைச் சத்தத்தில் வௌவால்கள் எல்லாம் மேல்மாடியை விட்டுக் கிளம்பின.

ராஜவேல் வாசலில் நின்று, "யாரும்மா நீங்கல்லாம்?" என்றார்.

பச்சையம்மாள் ஜமாலுதீனைப் பார்த்தார். "இவருதான் ராணியோட பேரன்" என்றார் ஜமாலுதீன்.

"எங்க பேராண்டியா!" என்று பச்சையம்மாள் தட்டை ஒரு கையில் மாற்றிக்கொண்டு ராஜவேலின் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். அவருக்கு ராஜவேலைவிடப் பத்து வயதாவது குறைவு.

"என்னத்தா, தலையெல்லாம் நரைச்சுப் போச்சே எங்க பேரப்புள்ளைக்கு!" என்றார் செல்லாயி.

ராஜவேல் தலையைத் தடவிக்கொண்டார். அந்த நேரம் புஷ்பவள்ளி முன்னால் வந்து நின்றார். சாவி கையில் இருந்தது.

"எல்லாரும் என்னை மன்னிச்சிக்கங்க. சின்ன ராணி எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. நீங்க கேட்டீங்க, உங்க மொகத்தப் பாத்துச் சொன்னேன். செய்யாறும் தெரியாது, அறந்தாங்கியும் தெரியாது."

"பண்ருட்டி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பண்ருட்டியும் தெரியாதும்மா."

குலவை நின்றுவிட்டது. செல்லாயிதான் முதலில் பேசினார். "அப்ப நான் விடிகாலையிலருந்து கரும்பு மேல உக்காந்து வந்தது?"

யாரும் சிரிக்கவில்லை. பச்சையம்மாள் தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். சீர்த்தட்டை வீட்டுக்காரர்கள் கையில்தான் கொடுக்க வேண்டும், வாசலில் வைக்கக் கூடாது. ராஜவேல் புஷ்பவள்ளியிடம் சாவிக்குக் கை நீட்டினார்.

"ராஜவேலு, அவுங்க என்னா கேக்கறாங்க?" என்றது முன்கட்டு நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"பாட்டி எந்த ஊருன்னு கேக்கறாங்க அத்தை."

"எங்கம்மா எந்த ஊரா?" என்றார் முத்தம்மாள். "எனக்கே தெரியாதே. எனக்கு அஞ்சு வயசுல அவுங்க போயிட்டாங்க. ஏழை வூட்டுப் பொண்ணு. அழகாயிருக்குதுன்னு எடுத்தாந்தாங்களாம். ஊரைச் சொன்னா கௌரவம் போயிடும்னு அரண்மனையில அதப் பத்திப் பேசவே வுடமாட்டாங்க. பொங்கலுக்குப் பெரியம்மா வூட்டுலேருந்து மாட்டு வண்டியில சீர் வரும். எங்கம்மா அந்த சன்னல்ல உக்காந்து பாப்பாங்க. அவுங்களுக்கு ஒண்ணும் வராது. யாரும் வரக் கூடாதுன்னு உத்தரவு."

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "எந்த ஊரா இருந்தா என்னா? லேட்டா வந்துருக்கீங்க. உள்ள வாங்க. தட்டக் குடுங்க."

மூன்று ஊர்ச் சீரையும் அவரே வாங்கினார். ஒவ்வொரு தட்டையும் கையால் தொட்டு, புஷ்பவள்ளியிடம் கொடுத்து, சின்ன ராணி அறையில் வைக்கச் சொன்னார். வளையலில் இரண்டை மட்டும் எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டார். பச்சையம்மாள் அழுதார். செல்லாயி, "அழுவாதத்தா, நம்ம பொண்ணுதான" என்று அவர் முதுகைத் தட்டினார். யாருடைய பொண்ணு என்ற வழக்கு அந்த இடத்தில் முடிந்தது.

இன்னொரு வழக்கு இருந்தது. சீர் கொண்டு வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. அரண்மனையில் தட்டில் வைக்க ஒரு வெற்றிலைகூட இல்லை. ராஜவேல் திருதிருவென்று விழித்துவிட்டுக் காரின் டிக்கியைத் திறந்தார். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மீந்த கடைக் காலண்டர்கள் இருந்தன. தட்டுக்கு ஒன்றாக வைத்தார். லாரி டயருக்கு மேலே லட்சுமி உட்கார்ந்திருக்கும் படம்.

"அரண்மனை மறுசீருன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார் செல்லாயி. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். ராஜவேலும் சிரித்தார்.

கார் கிளம்பும்போது முத்தம்மாள் சன்னலை இறக்கி, "சீர் வர்ற வூட்ட எவனாவது ஹோட்டலுக்கு வுடுவானா?" என்று மருமகனுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார். ராஜவேல் புஷ்பவள்ளியைப் பார்த்து, "சாவி இப்ப உங்கிட்டயே இருக்கட்டும். யோசிச்சு எழுதறேன்" என்றார்.

எழுதினார். முதல் கடிதம் ஜனவரி கடைசியில் வந்தது. புதுச்சேரிக்காரருடன் பேச்சு நடக்கிறது, மாசி வரை இருக்கலாம் என்றது. புஷ்பவள்ளி சிதம்பரத்தில் கூரையுள்ள அறை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது கடிதம் மார்ச்சில் வந்தது. அத்தை சாப்பிட மறுக்கிறார், பண்ருட்டி முந்திரி மட்டும் சாப்பிடுகிறார் என்றது. அதில் சாவியைப் பற்றி ஒன்றும் இல்லை. புஷ்பவள்ளி அதை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "முந்திரி சாப்புடுதா, அப்ப பரவால்ல" என்றார்.

மூன்றாவது கடிதத்தை போஸ்ட்மேன் கொடுத்தபோது புஷ்பவள்ளி ஒரு விருத்தாசலம் கோஷ்டிக்கு அடுப்படியைக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று, லீவில் வந்திருந்த வெண்மதியைப் படிக்கச் சொன்னார். குத்தகை இல்லை. சாவியும் வாசல் அறைகள் இரண்டும் புஷ்பவள்ளி இருக்கும் வரை அவருக்கே, எழுத்தில், கையெழுத்துடன். சம்பளம் ஆயிரத்து ஐநூறு. ஒரு நிபந்தனை: சின்ன ராணியின் ஊர் எது என்று யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அத்தையின் உத்தரவு என்று கீழே ஒரு வரி: அடுத்த பொங்கலுக்கு யார் வந்தாலும் தட்டை வாங்கிக்கொள்ளவும், காலண்டர் முன்கூட்டியே அனுப்பப்படும்.

புஷ்பவள்ளி கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு விருத்தாசலத்துப் பெண்களைச் சின்ன ராணி அறைக்கு அழைத்துப் போனார். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "இவுங்க எந்த ஊருக்கா?"

"தெரியாதும்மா" என்றார் புஷ்பவள்ளி. கொஞ்சம் பொறுத்து, "உங்க ஊர்ல பழைய ஆளுங்க யாராவது இருந்தா, கேட்டுப் பாரேன்" என்றார்.

இந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி 2010 ஏப்ரல் 7, புதன்கிழமை.